கிணறு வெட்டியவர் மகன் கடலுக்குப் போனது

மண்டபத்தில் படகு ஏறுவதற்கு முன் எங்கள் பேராசிரியர் எல்லோரையும் மணலில் வரிசையாக நிறுத்தி, நீச்சல் தெரியாதவர்கள் கை தூக்குங்கள் என்றார். படகில் இருந்த லைஃப் ஜாக்கெட் எல்லோருக்கும் காணாது. தெரியாதவர்களுக்கு மட்டும்தான் என்றார். பெண்கள் அத்தனை பேரும் கை தூக்கினார்கள். ஆண்களில் ஓசூரிலிருந்து வரும் என் நண்பன் இரண்டு கையையும் தூக்கினான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் அப்பா கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஓசூர் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவர்; கம்பெனி குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். எங்களுக்கு சேலத்துக்குத் தெற்கே இருப்பதெல்லாம் கடல். அதனால் வகுப்பில் அவனுக்குக் கடல்காரன் என்று பெயர். எங்க ஊரு கரிசக்காடுல, கடலை நானும் பாத்ததே இல்லல என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். யாரும் நம்பவில்லை.

நான் கை தூக்கவில்லை.

எனக்கு நீச்சல் தெரியாது. அது அந்த வரிசையில் ஒருவனுக்கு மட்டும் தெரியும். அவன் என் ஊர்க்காரன். குந்தாரப்பள்ளிக்கு உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் ஊரில், மாந்தோப்பும் நெல்வயலும் பெரிய கிணறும் உள்ள வீட்டுப் பையன். நான் கையைக் கீழே வைத்திருந்ததை அவன் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டான்.

கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமத்துப் பையன் நீச்சல் தெரியாது என்று சொன்னால் அடுத்த கேள்வி ஒன்றுதான்: உங்க ஊர்ல கெணறு இல்லியா? இருக்கிறது. அப்புறம் ஏன் தெரியாது? அதற்குப் பதில் சொன்னால் என் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று சொன்னது போல. கல்லூரிக்கு வந்த முதல் வாரத்திலிருந்து அந்தப் பதிலைச் சொல்லாமலிருப்பதற்கு நான் படிப்பதைவிட அதிகமாகப் பாடுபட்டிருந்தேன். வீடு எங்கே என்றால் பஸ் ஸ்டாப்பிலிருந்து கொஞ்சம் உள்ளே என்பேன். என்ன வீடு, எப்படி வீடு என்றால் தண்ணீர் குடிக்க எழுந்து போவேன்.

என் அப்பா கிணறு வெட்டுகிறவராக இருந்தார். குந்தாரப்பள்ளி, சாமல்பட்டி, காவேரிப்பட்டினம் என்று சுற்றுப்பக்கத்தில் அவர் இறங்காத குழி கிடையாது. மேல்மண், சுக்கான், அதற்குக் கீழே கரும்பாறை. பாறையில் துளை போட்டு, மருந்து கெட்டித்து, வெடித்ததும் இறங்கிக் கல்லை வாரி மேலே அனுப்புகிற வேலை. ஊற்றுக்கண் திறந்த அன்று வேலை நிற்கும். நிலத்துக்காரர் வந்து தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, முதல் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடிப்பார். வெட்டினவர்களுக்கு வேட்டியும் துண்டும் தருவார்கள். அவர்கள் அதை வாங்கிக்கொண்டு மேலே ஏறிவிட வேண்டும். ஏறியவர்கள் அந்தக் கிணற்றில் மறுபடி இறங்குவதில்லை. அவர்கள் பிள்ளைகளும் இறங்குவதில்லை. யாரும் இதைப் பலகையில் எழுதி வைத்ததில்லை. கோடை விடுமுறையில் ஊர்ப் பையன்கள் மேட்டிலிருந்தும் மோட்டார் ரூம் கூரையிலிருந்தும் கிணற்றுக்குள் குதிக்கும் சத்தம் எங்கள் தெரு வரைக்கும் கேட்கும். எங்களுக்குச் சத்தம் மட்டும்தான்.

கல்லூரியில் அந்தக் கிணற்று வீட்டுப் பையனோடு நான் பேசும் விதமே தனி. அவன் என்னை டா போட்டுக் கூப்பிடுவான். அப்பா அவனைச் சின்னவரே என்பார். நான் எப்படிக் கூப்பிடுவது? நீ என்றால் ஊரில் பிரச்சினை, நீங்க என்றால் வகுப்பில் எல்லாம் தெரிந்துவிடும். அதனால் அவனைப் பெயர் சொல்லியோ வேறெப்படியோ கூப்பிடாமலே மூன்று வருஷம் ஓட்டினேன். ‘ரெக்கார்டு முடிஞ்சுதா?’ ‘பஸ் வந்துடுச்சு.’ இப்படித்தான் எங்கள் பேச்சு. அவனும் என்னைப் பற்றி யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. அதற்காக நான் அவனுக்குக் கடன்பட்டவன் போலவே நடந்துகொண்டேன்.

கடல் எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். வல்லம் என்கிற அந்தப் படகு கிளம்பியதும் என்ஜின் புகை முகத்தில் அடித்தது. பெண்கள் வாந்தி எடுத்தார்கள். நான் பலகையைப் பிடித்தபடி கீழே பார்த்துக்கொண்டே வந்தேன். புத்தகத்தில் கறுப்பு வெள்ளையில் பார்த்ததெல்லாம் நிறத்தோடு கிடந்தன. குருசடைத் தீவில் இறங்கி, பவளப்பாறை, கடற்பஞ்சு, கடல் அட்டை, எதையும் தொடக்கூடாது, எடுக்கக்கூடாது, பார்த்து எழுதிக்கொள்ளுங்கள் என்று பேராசிரியர் கத்திக்கொண்டே முன்னால் போனார். அவர் பேன்ட்டை முழங்கால் வரை மடித்திருந்தார். அப்படி அவரைப் பார்த்ததில் எல்லோருக்கும் தைரியம் வந்துவிட்டது.

எனக்கு ஒன்றைப் பார்த்தே ஆக வேண்டும் என்றிருந்தது. பலனோகிளாசஸ் என்று ஒரு புழு. விலங்கியல் படித்த யாரைக் கேட்டாலும் தெரியும். முதுகெலும்பு உள்ளதற்கும் இல்லாததற்கும் நடுவில் நிற்கிற பிராணி. ஈர மணலுக்குள் குழி செய்து வாழும். தின்ற மணலைக் குழியின் வாயில் சுருள் சுருளாகத் தள்ளி வைக்கும். பரீட்சைக்குப் பரீட்சை அதன் படத்தை வரைந்து, பாகம் குறித்து மார்க் வாங்கியிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான். படித்ததில் ஒன்றையாவது உயிரோடு பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னால், படிப்பு நிஜம் என்று எனக்கே நம்பிக்கை வரும் என்று நினைத்தேன்.

குருசடையில் அது கிடைக்கவில்லை. அடுத்ததாக ஒரு சின்னத் தீவுக்குப் போனோம். ஒரு பக்கம் முழுக்கப் பாறை என்பதால் படகை மறுபக்கம் நிறுத்தினார்கள். மர நிழலில் எலுமிச்சைச் சாதப் பொட்டலம் பிரிப்பதற்கு ஏற்பாடு நடந்தது. அந்த இடைவெளியில் படகுக்காரரிடம் புழுவைப் பற்றிக் கேட்டேன். எத்தனையோ காலேஜ் பிள்ளைகளை ஏற்றிவந்தவர். மணல் சுருள்தானே, அந்தா தெரியுற திட்டுல இருக்கும் என்று பாறைப் பக்கம் கையைக் காட்டினார். தீவுக்கும் அந்த மணல் திட்டுக்கும் நடுவே ஒரு வாய்க்கால் மாதிரி கடல் ஓடியது.

“இப்ப வத்தம். முழங்கா தண்ணிதான். ஏத்தம் வர்றதுக்குள்ள இங்கிட்டு வந்துரணும், தம்பி.”

சரி என்று தலையாட்டினேன். அவர் சொன்னது என் காதில் விழுந்தது, புத்தியில் விழவில்லை. எங்கள் பக்கம் ஏரித் தண்ணீர் மாசக்கணக்கில் வற்றும். தென்பெண்ணையில் தண்ணீர் ஏறுகிறதென்றால் மேலே மழை, அல்லது அணையைத் திறந்துவிட்டார்கள். அதற்கும் முன்னால் சங்கு ஊதுவார்கள், தண்டோரா போடுவார்கள். வானம் வெளுத்துக் கிடக்கும்போது, ஒரு சொட்டு மழையில்லாமல், சாப்பாட்டு வேளைக்குள் தண்ணீர் ஏறி இறங்கும் என்பதைப் பாடத்தில் படித்திருந்தேன். பாடம் வேறு, தண்ணீர் வேறு என்று இருந்துவிட்டேன்.

நான் கிளம்பியதும் ஓசூர் நண்பன், அந்தக் குவார்ட்டர்ஸ்காரன், கூட வந்தான். நான் எங்கே போனாலும் வருவான். கிணற்று வீட்டுப் பையனும் வந்தான். அவனும் அந்தப் புழுவை வரைந்து மார்க் வாங்கியவன்தான்.

திட்டில் சுருள்கள் கிடந்தன. ஒன்றிரண்டு இல்லை, கால் வைக்க இடமில்லாமல். குனிந்தால் ஆஸ்பத்திரி வாடை அடித்தது. அயோடோஃபார்ம் வாடை. புத்தகத்தில் அந்த வாடையும் எழுதியிருந்தது. இருக்குடா, கீழதான் இருக்கு என்று கிணற்று வீட்டான் சொன்னான். மூன்று பேரும் மண்டியிட்டுக் கையால் மணலைத் தள்ளினோம். எடுக்கப்போவதில்லை, பார்த்துவிட்டு மூடிவிடுவோம் என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். மணல் சரிந்துகொண்டே இருந்தது. ஒரு குழியை விட்டு இன்னொன்று. என் குழியில் தண்ணீர் ஊறியது. அப்பா சொல்வார், பக்கவாட்டிலிருந்து வரும் ஊற்று சீக்கிரம் நிறைக்கும் என்று. நான் அந்த நினைப்பில், இங்க ஊத்து நல்லா வருது என்று சந்தோஷமாகச் சொன்னேன். தண்ணீர் வந்தால் சந்தோஷப்பட்டே பழகிய வாய். அடுத்த குழி வேகமாக நிறைந்தது. அதற்கடுத்தது தோண்டும்போதே நிறைந்தது. கிணறு வெட்டியவர் மகன், குழியில் ஊறுவது எது என்று தெரியாமல் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

குவார்ட்டர்ஸ்காரன்தான் முதலில் நிமிர்ந்தான். செருப்பக் காணும்ல என்றான். திட்டின் ஓரத்தில் விட்டிருந்த செருப்புகள் தூரத்தில் மிதந்து போய்க்கொண்டிருந்தன. விட்ட இடமும் இல்லை. திட்டு பாதியாகியிருந்தது.

வாய்க்காலுக்கு ஓடினோம். வரும்போது மணல் தெரிந்த தண்ணீர் இப்போது பச்சையாக, அடி தெரியாமல், பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. கிணற்று வீட்டான் இறங்கினான். நாலு எட்டில் இடுப்பு, இன்னும் ரெண்டு எட்டில் கழுத்து. திரும்பி வந்து நடுவுல நிலைக்காது, நீந்தணும், ரெண்டு கிணறு அகலந்தான் இருக்கும் என்றான். இழுக்குதுடா என்றும் சொன்னான். கிணற்றில் தண்ணீர் யாரையும் இழுக்காது. எந்தப் பக்கம் கை நீட்டினாலும் சுவர் இருக்கும். அவன் குரலில் அது தெரிந்தது.

ஜாக்கெட் போட்டிருந்த குவார்ட்டர்ஸ்காரனைத் தன்னோடு இழுத்துப் போகிறேன் என்றான். என்னைப் பார்த்தான். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

“ஏம்ல நிக்க? வாலே,” என்றான் குவார்ட்டர்ஸ்காரன்.

“அவனுக்கு நீச்சல் தெரியாது,” என்றான் மற்றவன்.

“பட்டிக்காட்டான்தானல நீ? ஊர்ல கெணறு கூடவா இல்ல?”

மூன்று வருஷமாக ஒளித்து வைத்திருந்த கேள்வி, தண்ணீருக்கு நடுவில், கணுக்காலில் அலை அடிக்கும்போது வந்தது.

“கெணறு இருக்குது,” என்றான் கிணற்று வீட்டான். “அவங்கப்பா வெட்டினதுதான்.”

குவார்ட்டர்ஸ்காரனுக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. அவன் என்னையும் கிணற்று வீட்டானையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தன் ஜாக்கெட்டின் வாரைக் கழற்ற ஆரம்பித்தான். உனக்கும் தெரியாதேடா என்று அவன் கையைப் பிடித்தேன். விடுல என்று தட்டிவிட்டான். கடைசியில் அதைக் கழற்றி நடுவில் வைத்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். ரெண்டு பேரை என்னால இழுக்க முடியாது, நான் போய்ப் படகைக் கூட்டியாரேன் என்று கிணற்று வீட்டான் தண்ணீரில் இறங்கினான்.

படகு தீவின் அந்தப் பக்கம். எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. பேராசிரியரிடம் ஒரு செல்போன் இருந்தது. அது மண்டபத்தை விட்டதுமே செத்துவிட்டது. கத்தினால் பாறையில் அடிக்கும் அலைதான் பதில் சொன்னது.

அவன் நீந்தத் தொடங்கினான். படகுக்காரர்கள் நீவாடு என்கிற நீரோட்டம் அவனைப் பக்கவாட்டில் கொண்டுபோனது. தலை மட்டும் தெரிந்தது. அப்போது எனக்குள் என்ன வந்தது என்று உள்ளபடியே எழுதுகிறேன். இவன் திரும்பி வரமாட்டான் என்று நினைத்தேன். கரை ஏறியதும் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். அவனாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். அவன் கெட்டவன் என்பதால் அப்படி நினைக்கவில்லை. எங்கள் தெரு ஆட்களுக்காக அவர்கள் வீட்டில் யாரும் எதற்கும் ஓடி நான் பார்த்ததில்லை. அவ்வளவுதான்.

“டேய்,” என்று கத்தினேன். “விட்டுட்டுப் போயிடாதடா.”

மூன்று வருஷத்தில் நான் அவனை டா என்று சொன்னது அப்போதுதான். தலை ஒரு கணம் திரும்பியது. பிறகு போய்விட்டது.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. தொடைக்கு வந்தது. திட்டில் உயரமான இடம் எது என்று காலால் தடவித் தடவி நகர்ந்தோம்; தடவிய இடமெல்லாம் சுருள்கள் காலுக்கடியில் கரைந்தன. வெயில் உச்சியில் இருந்தது. இவ்வளவு வெளிச்சத்தில் ஒரு ஆள் சாகலாம் என்று நான் நினைத்ததே இல்லை. இடுப்புக்கு வந்தபோது ஒவ்வொரு அலைக்கும் கால் தரையை விட்டுத் தூக்கி வைத்தது. குவார்ட்டர்ஸ்காரன் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டான். பிறகு நிறுத்திவிட்டு, மாப்ள, எங்கம்மாட்ட நான் கை தூக்குனேன்னு சொல்லிரு என்றான். நீயே சொல்லு என்றேன். சிரிக்கப் பார்த்தோம், வாயில் உப்புத் தண்ணீர் போனது.

நான் அப்பாவை நினைத்தேன். ஓசூரில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தக்காரரிடம் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு மாறியிருந்தார். மருந்துப் புகையும் கல்தூசியும் போதும், நீ படி என்று சொல்லி மாறியவர். மகன் தண்ணீரில் செத்தான் என்று அவரிடம் போய்ச் சொன்னால் அவர் என்ன கேட்பார்? எந்தக் கிணற்றில் என்றுதான் கேட்பார். என் கை ஜாக்கெட்டில் மரத்துப் போயிருந்தது. என் பக்கம் அழுத்தினால் அவன் பக்கம் முங்குகிறது, அவன் அழுத்தினால் என் பக்கம். ஒருவன் விட்டால் ஒருவன் மிதப்பான். இருவருக்கும் அது தெரிந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதை நிறுத்திக்கொண்டோம்.

மார்புக்கு வந்த பிறகு என்ஜின் சத்தம் கேட்டது. முதலில் நம்பவில்லை. தீவின் மூலையைச் சுற்றி வல்லம் வந்தது. படகின் முன்முனையில், அணியத்தில், கிணற்று வீட்டான் நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தான். முழங்காலிலும் நெஞ்சிலும் பாறை கிழித்து ரத்தம் வழிந்தது. நீவாடு தள்ளிய வேகத்தில் பாறைமேல் தொற்றித்தான் கரையேறியிருக்கிறான், உட்காராமல் ஓடியிருக்கிறான். தண்ணீருக்கடியில் இருக்கும் பார், அந்தப் பாறை, இடிக்கும் என்று படகுக்காரர் தள்ளியே நிறுத்தி, கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்தார். எங்களை இழுத்துப் போட்டுக் கரை சேர்த்ததும் அவர் திட்டிய திட்டில் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். நாங்கள் இருவரும் படகின் அடித்தட்டில் மீன் மாதிரிக் கிடந்தோம்.

பேராசிரியர் என் முன்னால் வந்து நின்றார். கோபமா பயமா தெரியவில்லை. ஏன் கை தூக்கவில்லை, ஏன் கை தூக்கவில்லை என்று அதையே கேட்டார். எல்லோரும் சுற்றி நின்றார்கள். அப்போது கிணற்று வீட்டான் சொன்னான்:

“விடுங்க சார். எங்க ஊருதான். எங்க கெணத்துலயே நான் கத்துக் குடுக்கறேன்.”

யாரோ கை தட்டினார்கள். எல்லோரும் தட்டினார்கள். நானும் அந்தக் கணத்தில் சந்தோஷப்பட்டேன் என்பதை எழுதத்தான் வேண்டும். உயிர் திரும்பி வந்ததைவிட அந்த வார்த்தை பெரிதாக இருந்தது. புழுவை நாங்கள் பார்க்கவில்லை. யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

ஊர் திரும்பி, செமஸ்டர் முடிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சொன்னபடி கூப்பிட்டான். அந்த ஆண்டு மழை நன்றாகப் பெய்திருந்தது. பல வருஷமாகக் காய்ந்து கிடந்த கிணறுகள்கூட வாய் வரை நிறைந்திருந்தன. அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மாவிடம் சொல்லாமல் போனேன்.

அவன் ஒரு காலி ஆயில் கேனை மூடி இறுக்கி, கயிறு கட்டி, தயாராக வைத்திருந்தான். படியில் கால் வைத்து இறங்கினேன். பக்கச் சுவர் கரும்பாறை. மருந்துக்காகப் போட்ட துளைகளின் பாதித் தடம் பாறையில் கோடு கோடாகத் தெரிந்தது. தண்ணீருக்குக் கீழேயும் அந்தக் கோடுகள் போயின. அப்பாவின் கோடுகள். கையால் ஒன்றைத் தொட்டுக்கொண்டுதான் உடம்பை விட்டேன். அவன் கேனை என் முதுகில் கட்டி, வயிற்றுக்கடியில் கை கொடுத்து, காலை அடி, காலை அடிடா என்றான். அடித்தேன். தண்ணீர் என்னைத் தூக்கியது. கொல்ல வந்த அதே தண்ணீர் இப்படித் தூக்கும் என்று எனக்குத் தெரியாது. எதிர்ச் சுவரைத் தொட்டுவிட்டேன். அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

மேலே அவன் சித்தப்பா வந்து நின்றார். எட்டிப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் எல்லோருக்கும் வரும். அவர் வீட்டுப் பேச்சான தெலுங்கில் யார் அது என்று கேட்டார். இவன் சொன்னான். அவர் சத்தம் போடவில்லை. படிக்கிற பையனா, இருக்கட்டும், கரை ஏறட்டும் என்றார். பிறகு அதே குரலில், ஏறினதும் மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை இறைத்துவிடு, ஊற்று மறுபடி வந்துவிடும் என்றார். எனக்குப் புரியும் என்று அவருக்குத் தெரியும்.

படி ஏறி, கேனின் கயிற்றை அவிழ்த்துப் பக்கத்தில் வைத்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. பாறை கிழித்த தழும்பு அவன் முழங்காலில் இன்னும் சிவப்பாக இருந்தது. மோட்டார் ரூமுக்குள் போனான். பச்சைப் பொத்தானை அழுத்தியது அவன்தான். சித்தப்பா அழுத்தவில்லை.

நெல் அறுத்து, நிலம் சும்மா கிடந்த நேரம். மோட்டார் தள்ளிய தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்து, பயிர் இல்லாத வயலில் பரவி, பள்ளத்தைத் தேடி எங்கள் தெருவுக்குத்தான் வந்தது. பெண்கள் குடத்தோடு ஓடினார்கள். போர்வெல் தண்ணீர் குடித்துக் குடித்துப் பல் பழுப்பேறிப் போன தெரு அது. நல்ல தண்ணிடா, வெதைக்காத காட்டுக்கு எதுக்கு விடுறாங்களோ என்று சொல்லிக்கொண்டே அம்மா நிரப்பினாள். நான் குடத்தைத் தூக்கிக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

அப்பா கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, வயல் வழியே நடந்து வந்தார். காலெல்லாம் சேறு. மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் என் தலையைப் பார்த்தார். முடி முழுக்கக் காயவில்லை. கிணறு இருக்கும் பக்கம் பார்த்தார். அவருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காலைக் கழுவிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து கேட்டார்.

“மேல்படி வரைக்கும் தண்ணி நின்னுச்சா?”

“நின்னுச்சுப்பா.”

தலையசைத்தார். அந்தக் கிணறு நிறைந்து அவர் பார்த்ததே இல்லை. த்ரீ பேஸ் கரண்ட் நின்ற பிறகுதான் மோட்டார் நின்றது. அதுவரை அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

கல்லூரி திறந்த அன்று குவார்ட்டர்ஸ்காரன் ஓசூர் பஸ்ஸிலிருந்து இறங்கி வகுப்புக்குள் வந்ததுமே கேட்டான், நீச்சல் படிச்சிட்டியால என்று. கிணற்று வீட்டான் ரெண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்தான். புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தான். பக்கம் திருப்பவில்லை.

“இல்லடா,” என்றேன். “கெணத்துல தண்ணி இல்ல.”

“இந்த வருசம் நல்ல மழைன்னாங்களேல?”

நல்ல மழைதான் என்றேன்.